கபடி விதி மாற்றங்களும் பல்கலைக்கழக அணிகளின் ஆட்ட உத்தியும்

ஒரு விளையாட்டின் விதி மாறும்போது அதை ஆடும் முறையும் மாறுகிறது. தமிழகத்தில் சடுகுடு, பலிஞ்சடுகுடு என்ற பெயர்களில் வழங்கிவந்த கபடி, கடந்த நூறாண்டுகளில் பல விதி மாற்றங்களைச் சந்தித்துள்ளது. அவற்றுள் சில ஆட்டத்தை ஒழுங்குபடுத்த வந்தவை. சில ஆட்டத்தை விறுவிறுப்பாக்கச் சோதனையாகப் புகுத்தப்பட்டுப் பின்னர் நிலைத்தவை. இம்மாற்றங்கள் அணிகளின் உத்தியை எவ்வாறு மாற்றின என்பதையும், அவை கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு உள்ளிட்ட கொங்குப் பகுதிக் கல்லூரி மாணவர்களை எவ்வாறு பாதிக்கின்றன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. ஒப்பீட்டுக்காக, தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ரக்பி விதிகள் சோதிக்கப்பட்ட வரலாறும் சேர்க்கப்பட்டுள்ளது.

வாய்மொழி விதியிலிருந்து அச்சிட்ட விதிக்கு

கபடி இந்தியத் துணைக்கண்டம் முழுவதும் வெவ்வேறு பெயர்களில் ஆடப்பட்டது. வங்காளத்தில் ஹாடுடு, மராட்டியத்தில் ஹுதுது, ஆந்திரத்தில் செடுகுடு, தமிழகத்தில் சடுகுடு. பெயர் மாறியது போலவே விதியும் ஊருக்கு ஊர் மாறியது. களத்தின் அளவு, ஆட்டக்காரர் எண்ணிக்கை, வெளியேறியவர் மீண்டும் உள்ளே வரலாமா என்பவை எல்லாம் ஆட்டம் தொடங்கும் முன் இரு தரப்பும் பேசி முடிவு செய்யும் செய்திகளாக இருந்தன.

இந்த நிலையை மாற்றும் முயற்சி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மராட்டியப் பகுதியில் தோன்றியது. 1923-இல் பரோடாவின் ஹிந்த் விஜய் ஜிம்கானா திருத்தப்பட்ட விதிகளுடன் போட்டி நடத்தியது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியின் அனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் அமைப்பினர் கபடியை ஆடிக் காட்டினர். 1938-இல் கல்கத்தாவில் நடந்த இந்திய ஒலிம்பிக் போட்டிகளில் கபடி இடம்பெற்றது. 1950-இல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு உருவானது. ஆண்களுக்கான முதல் தேசியப் போட்டி 1952-இல் சென்னையில் நடைபெற்றது. 1972-இல் இந்திய அமெச்சூர் கபடிக் கூட்டமைப்பு தோன்றியபின் நாடு முழுவதற்குமான பொது விதிகள் வலுப்பெற்றன. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி பதக்கப் போட்டியாகி, இந்தியா தங்கம் வென்றது.

பல்கலைக்கழகப் போட்டிகளும் கொங்குப் பகுதியும்

1961-இல் இந்தியப் பல்கலைக்கழக விளையாட்டுக் கட்டுப்பாட்டு வாரியம் கபடியைத் தன் போட்டிகளில் சேர்த்தது. அடுத்த ஆண்டு பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பும் சேர்த்துக்கொண்டது. கிராமத்துத் திடலில் ஆடிய மாணவர் அதே ஆட்டத்தின் வழியாகக் கல்லூரி இடம், பல்கலைக்கழகச் சான்றிதழ், பின்னர் காவல்துறை, ரயில்வே, வங்கி போன்ற நிறுவனங்களில் வேலை என்று செல்லும் பாதை இதனால் திறந்தது.

கோயம்புத்தூர்ப் பகுதிக் கல்லூரிகள் முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 1982-இல் பாரதியார் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபின் இப்பகுதிக்குத் தனிப் பல்கலைக்கழக அணி உருவாக வழி ஏற்பட்டது. 1997-இல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளில் சிறப்பாக ஆடுவோர் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகின்றனர். அந்த அணி தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டியிலும், அதில் தகுதி பெற்றால் அகில இந்தியப் போட்டியிலும் ஆடுகிறது. பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தின் மாருதி உடற்கல்விக் கல்லூரி போன்ற நிறுவனங்கள், உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்குவதன் வழியாக, அச்சிட்ட விதிகளைப் பள்ளிகளுக்குக் கொண்டு சேர்த்தன.

அதே வேளையில் ஊர்ப் போட்டிகளும் நிற்கவில்லை. பொங்கல், கோயில் திருவிழா நாள்களில் மின்விளக்கு ஒளியில் இரவு முழுவதும் நடக்கும் போட்டிகள் இன்றும் உண்டு. எனவே கொங்குப் பகுதி மாணவர் ஒரே பருவத்தில் இரண்டு விதிகளின்கீழ் ஆட நேர்கிறது. சனிக்கிழமை இரவு விழாக்குழு அறிவிக்கும் விதி ஒன்று. திங்கட்கிழமை கல்லூரிப் போட்டியில் நடுவர் கையில் இருக்கும் விதிநூல் மற்றொன்று.

வெளியேறியவர் திரும்பி வருதல்

கபடியின் பழைய வகைகளை மூன்றாகப் பிரிப்பர்.

• காமினி: தொடப்பட்டோ பிடிபட்டோ வெளியேறியவர் திரும்பி வர முடியாது. எதிரணியின் அனைவரும் வெளியேறும் வரை ஆட்டம் தொடரும்.
• அமர்: வெளியேறியவர் களத்தைவிட்டுப் போவதில்லை. எதிரணிக்குப் புள்ளி மட்டும் சேரும்.
• சஞ்சீவனி: எதிரணியில் ஒருவரை வெளியேற்றினால் தம் அணியில் வெளியேறிய ஒருவர் உயிர் பெற்றுத் திரும்புவார்.

இன்றைய தேசிய, சர்வதேச விதி சஞ்சீவனி முறையை அடிப்படையாகக் கொண்டது. மூன்று முறைகளிலும் உடல் திறமை ஒன்றே. உத்தி முற்றிலும் வேறு. காமினியில் சிறந்த ஆட்டக்காரரை இழந்தால் அந்தச் சுற்று முழுவதும் அவர் இல்லை. ஆகவே அவரைக் கடைசிவரை காத்து வைப்பதே அறிவுடைமை. சஞ்சீவனியில் அவர் திரும்ப முடியும் என்பதால் தொடக்கத்திலேயே துணிந்து அனுப்பலாம்.

ஆனால் சஞ்சீவனியில் ஒரு நுட்பம் உள்ளது. வெளியேறிய வரிசையிலேயே திரும்ப வேண்டும். முதலில் இரண்டு தடுப்பாட்டக்காரர்களும் மூன்றாவதாக முதன்மை ரைடரும் வெளியேறினால், ரைடர் உள்ளே வர அவருடைய அணி எதிரணியில் மூவரை வெளியேற்றியாக வேண்டும். முதலிலேயே வெளியேறியிருந்தால் ஒருவரை வெளியேற்றினால் போதும். எதிரணி இதைக் கணக்கிட்டு, அவர் வெளியில் இருக்கும் நேரத்தில் வீண் துணிச்சல் காட்டாமல் பாதுகாப்பாக ஆடும். ஒரே ஒரு நல்ல ரைடரை நம்பிய அணிகள் இதனால்தான் திடீரெனச் சரிகின்றன. அணிக்கு இரண்டாவது, மூன்றாவது ரைடர் தேவை என்பது இந்த வரிசை விதி கற்றுத் தந்த பாடம்.

ஏழு பேரும் வெளியேறினால் எதிரணிக்கு லோனா எனப்படும் 2 கூடுதல் புள்ளிகள் கிடைக்கும். அத்துடன் வெளியேறிய ஏழு பேரும் மீண்டும் களத்துக்கு வருவர். ஒருவரோ இருவரோ மட்டும் எஞ்சியிருக்கும் அணி, நெடுநேரம் தடுமாறுவதைவிட லோனாவை விரைவில் கொடுத்துவிட்டு முழு அணியுடன் புதிதாகத் தொடங்குவது நல்லதா என்று எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. ஆட்ட நேரம் எவ்வளவு மிஞ்சியுள்ளது என்பதைப் பொறுத்து விடை மாறும்.

மூச்சும் முப்பது நொடியும்

பழைய சடுகுடுவில் ரைடின் அளவை நிர்ணயித்தது மூச்சு. பாட்டு அறுந்தால் ரைடர் வெளியேற வேண்டும். நீண்ட மூச்சுடையவர் எதிரணிக் களத்தில் அதிக நேரம் நின்று தடுப்பாட்டக்காரர்களைக் களைப்படையச் செய்தார். ‘கபடி’ என்று இடைவிடாமல் சொல்ல வேண்டும் என்பது இன்றும் விதி. அதனுடன் ஒரு ரைடுக்கு 30 நொடி என்ற வரம்பும் சேர்ந்தபோது, நேரம் அணிகள் செலவழிக்கவும் சேமிக்கவும் கூடிய பொருளாகிவிட்டது.

ஆண்களுக்கான ஆட்டம் 20 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகள். மொத்தம் 40 நிமிடங்கள், அதாவது 2400 நொடிகள். நிறுத்தங்களைக் கணக்கில் கொள்ளாமல், எல்லா ரைடும் முழு 30 நொடியும் நடந்தால் 80 ரைடுகள், ஓர் அணிக்கு 40. முன்னிலையில் உள்ள அணி ஒவ்வொரு ரைடிலும் முழு நேரத்தையும் செலவிட விரும்பும். பின்தங்கிய அணி பத்துப் பதினைந்து நொடியில் முடித்துவிட்டு அடுத்த வாய்ப்பைத் தேடும். பயிற்சியாளர் களத்துக்கு வெளியிலிருந்து நேரத்தைக் கூவுவதும், ஆட்டக்காரர் அதற்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைப்பதும் உத்தியின் பகுதியாயின.

போனஸ் கோடு

ஆண்களுக்கான களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. அகலத்தில் இருபுறமும் 1 மீட்டர் லாபி. நடுக்கோட்டிலிருந்து ஓர் அணியின் பகுதி 6.5 மீட்டர். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் கோடு. அதிலிருந்து 1 மீட்டர் தள்ளிப் போனஸ் கோடு. போனஸ் கோட்டுக்குப் பின்னால் எஞ்சுவது 1.75 மீட்டர் மட்டுமே.

ரைடர் பாக் கோட்டைக் கடக்காமல் திரும்பினால் வெளியேற வேண்டும். களத்தில் ஆறு அல்லது ஏழு தடுப்பாட்டக்காரர்கள் இருக்கும்போது ரைடர் ஒரு காலைப் போனஸ் கோட்டுக்கு அப்பால் ஊன்றி, மறு காலைத் தரையிலிருந்து உயர்த்தினால் ஒரு புள்ளி. யாரையும் தொட வேண்டியதில்லை. இந்தப் புள்ளிக்கு வெளியேறிய எவரும் உயிர் பெற மாட்டார்.

போனஸ் இல்லாத ஆட்டத்தில் ஏழு பேரும் பின்கோட்டை ஒட்டி ஒதுங்கி நின்றால் ரைடருக்கு வேலை கடினம். போனஸ் கோடு அந்த ஒதுங்கலைத் தண்டித்தது. மூலையில் நிற்கும் கார்னர் ஆட்டக்காரர் தம் முன்னால் விழும் காலைப் பார்த்துக்கொண்டிருந்தால் புள்ளி போய்விடும். பாய்ந்து கணுக்காலைப் பிடித்தால் அணிக்குப் புள்ளி கிடைக்கலாம், தவறினால் தாமும் வெளியேறலாம். கணுக்கால் பிடி கார்னர் ஆட்டத்தின் உயிராகியதற்கு இக்கோடும் ஒரு காரணம். ரைடர்கள் தரப்பிலும் காலை நீட்டிக் கோடு தொட்டுத் திரும்பும் போனஸ் ஆட்டக்காரர் என்ற தனி வகை தோன்றியது. உடல் வலிமையைவிட இடுப்பு நெளிவும் கால் நீளமும் அவருக்கு முதலீடு.

இன்னொரு விளைவும் உண்டு. தடுப்பாட்டக்காரர் எண்ணிக்கை ஆறிலிருந்து ஐந்தாகக் குறைந்தால் போனஸ் வாய்ப்பு மறைகிறது. ஒருவரை இழந்த வருத்தத்தில் இருக்கும் அணிக்கு இது எதிர்பாராத பாதுகாப்பு.

மூன்றாவது ரைடு

போனஸ் வந்தபின்னும் ஒரு குறை நீடித்தது. முன்னிலை பெற்ற அணி பாக் கோட்டைத் தாண்டிவிட்டு வெறுங்கையுடன் திரும்பி நேரத்தைக் கடத்தியது. நேரில் பார்ப்பவருக்கே சலிப்புத் தரும் இந்த ஆட்டம் தொலைக்காட்சிக்கு ஒத்துவராது. 2014 ஜூலையில் தொடங்கிய புரோ கபடி லீக் இதற்கு ஒரு விதியைப் பரவலாக்கியது. ஓர் அணியின் இரண்டு ரைடுகள் அடுத்தடுத்துப் புள்ளியின்றி முடிந்தால், மூன்றாவது ரைடில் புள்ளி எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் ரைடர் வெளியேறுவார், எதிரணிக்கு ஒரு புள்ளி. ‘டூ ஆர் டை’ என்று இதை அழைக்கின்றனர்.

ஆட்டம் முடிய மூன்று நிமிடங்கள் இருக்க, ஓர் அணி ஒரு புள்ளி முன்னிலையில் உள்ளது என்று கொள்வோம். 180 நொடிகளில் முழு நேர ரைடுகள் ஆறு, அணிக்கு மூன்று. பழைய முறையில் முன்னிலை அணி மூன்றையும் வெறுமையாக்கிவிட்டு வெற்றியுடன் போகலாம். புதிய விதியில் இரண்டைத்தான் வெறுமையாக்க முடியும். மூன்றாவதில் துணிந்தே ஆக வேண்டும். விதியின் நோக்கம் இந்த அளவில் நிறைவேறியது.

ஆனால் அணிகள் விதியின் மறுபக்கத்தையும் கண்டுகொண்டன. எதிரணியின் மூன்றாவது ரைடு கட்டாயத் துணிச்சல் என்றால், அதற்காகவே காத்திருப்பது லாபம். முதல் இரண்டு ரைடுகளில் பின்வாங்கி இடம் கொடு, பிடிக்க முயலாதே, மூன்றாவதில் அவரே உள்ளே வருவார், அப்போது ஏழு பேரும் சேர்ந்து பிடி. தடுப்பாட்டம் வலுவான அணிகள் இதையே முழுத் திட்டமாக வகுத்தன. விளைவாக, ஆட்டத்தை விரைவாக்க வந்த விதி முதல் இரண்டு ரைடுகளை முன்னைவிட மெதுவாக்கிவிட்டது. மூன்றாவது ரைடுக்கு மட்டும் அனுப்பப்படும் தனித் திறன் ரைடர் ஒருவரும் அணிக்குத் தேவைப்பட்டார். முதன்மை ரைடரை ஆபத்தில் தள்ளாமல், இழந்தாலும் தாங்கக்கூடிய மூன்றாம் ரைடரை அனுப்புவதும் ஒரு கணக்கு.

சூப்பர் டேக்கிள்

களத்தில் மூன்று அல்லது அதற்கும் குறைவான தடுப்பாட்டக்காரர்கள் இருக்கும்போது ரைடரைப் பிடித்தால் ஒன்றுக்குப் பதில் 2 புள்ளிகள். தோற்கும் நிலையில் உள்ள அணிக்கு மீளும் வாய்ப்பளிப்பதே இதன் நோக்கம்.

இதில் உள்ள கணக்கை மாணவர்கள் எளிதாகப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண நிலையில் ரைடர் வென்றால் தம் அணிக்கு 1, பிடிபட்டால் எதிரணிக்கு 1. பத்துக்கு ஐந்து முறை வென்றால் சமநிலை. சூப்பர் டேக்கிள் நிலையில் வென்றால் 1, பிடிபட்டால் எதிரணிக்கு 2. லோனாவை விட்டுவிட்டுப் பார்த்தால், மூன்றுக்கு இரண்டு முறை வென்றால்தான் சமநிலை. அதாவது எதிரணி பலவீனமாகத் தெரியும் நேரத்தில்தான் ரைடர் அதிக உறுதியுடன் இருக்க வேண்டும்.

மூன்று பேருடன் நிற்கும் அணியும் வேறு விதமாகச் சிந்திக்கத் தொடங்கியது. தன் ரைடில் ஒரு புள்ளி எடுத்தால் ஒருவர் உயிர் பெற்று நான்கு பேராகிவிடுவர். சூப்பர் டேக்கிள் வாய்ப்புப் போய்விடும். ஆகவே வெறுங்கையுடன் திரும்பி, மூவராகவே இருந்து, எதிரணி ரைடரைப் பிடித்து 2 புள்ளிகள் எடுக்க முயலும் அணிகளும் உண்டு. ஆள் குறைவாக இருப்பதை விரும்பும் நிலையைப் பழைய சடுகுடு ஆட்டக்காரர் எவரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்.

இத்தகைய சூழலில் அனுபவத்தின் மதிப்புக் கூடுகிறது. தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன் 40 வயதைக் கடந்தும் புரோ கபடியில் ஆடியவர். 2016-இல் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பையை வென்று, அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இடம்பெற்றார். எப்போது பாய வேண்டும், எப்போது பொறுக்க வேண்டும் என்று அறிந்த தடுப்பாட்டக்காரருக்குப் புதிய விதிகள் இடையூறாக இருக்கவில்லை.

சமநிலையில் முடியும் ஆட்டம்

வெற்றி தோல்வி கட்டாயம் தேவைப்படும் ஆட்டம் சமநிலையில் முடிந்தால், ஒவ்வோர் அணிக்கும் ஐந்து ரைடுகள் தரப்படுகின்றன. ஐந்து வெவ்வேறு ஆட்டக்காரர்கள் முன்கூட்டியே அளித்த வரிசைப்படி செல்ல வேண்டும். பாக் கோடே போனஸ் கோடாகவும் கொள்ளப்படும். எவரும் வெளியேறுவதில்லை, புள்ளி மட்டும் கணக்கு. பழைய அமர் முறை ஐந்து நிமிடங்களுக்கு உயிர் பெற்று வருவது போன்றது இது. ரைடுக்கே போகாத கார்னர் ஆட்டக்காரரும் இங்கே போக நேரலாம். எனவே நன்கு திட்டமிடும் கல்லூரி அணிகளில் தடுப்பாட்டக்காரர்களும் ரைடுப் பயிற்சி எடுக்கின்றனர்.

ரக்பியில் நடந்த பல்கலைக்கழகச் சோதனை

விதி மாற்றத்தைப் பல்கலைக்கழக மாணவர்களிடம் முறையாகச் சோதித்துப் பார்த்த நிகழ்வு ரக்பியில் நடந்தது. சர்வதேச ரக்பி வாரியம் அமைத்த விதித் திட்டக் குழு, தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஸ் பல்கலைக்கழகத்தில் 2006-இல் புதிய விதிகளைப் பரிசோதித்தது. அங்கு மாணவர் விடுதிகளுக்கு இடையே நடக்கும் லீக் போட்டிகள் சோதனைக் களமாயின. ஆகவே இவை ஸ்டெல்லன்போஸ் விதிகள் என்றே பெயர் பெற்றன. பின்னர் வேறு சில நாடுகளின் போட்டிகளிலும் சோதித்து, 2008 ஆகஸ்ட் 1 முதல் 13 விதிகள் உலக அளவில் சோதனையாக நடைமுறைக்கு வந்தன. 2009-இல் அவற்றுள் 10 நிலையான விதிகளாக ஏற்கப்பட்டன. எஞ்சியவை கைவிடப்பட்டன.

ஏற்கப்பட்டவற்றுள் ஒன்று கவனத்துக்குரியது. ரக்பியில் ஒவ்வோர் அணியின் பகுதியிலும் 22 மீட்டர் கோடு உண்டு. முன்பு ஓர் அணி பந்தைத் தன் 22 மீட்டர் பகுதிக்குள் திருப்பி அனுப்பி, அங்கிருந்து நேராகக் களத்துக்கு வெளியே உதைத்து முன்னேறலாம். பந்து வெளியே போன இடத்திலிருந்து ஆட்டம் தொடரும். புதிய விதி, பந்தைத் தாங்களே உள்ளே கொண்டுசென்று உதைத்தால் இந்த லாபம் கிடையாது என்றது. பந்து வெளியே போகாமல் களத்திலேயே இருந்தால் ஓட்டமும் கைமாற்றமும் பெருகும் என்பது எதிர்பார்ப்பு. அணிகளோ பந்தை வெளியே உதைப்பதற்குப் பதிலாகக் களத்துக்குள்ளேயே நீளமாக உதைத்தன. எதிரணியும் திருப்பி உதைத்தது. 2008–09 பருவத்தில் இந்த உதைப் பரிமாற்றம் பெரும் விமர்சனத்துக்கு உள்ளானது.

கபடியின் மூன்றாவது ரைடு விதியும் ரக்பியின் 22 மீட்டர் விதியும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன. விதி ஒரு வழியை அடைக்கும்போது அணிகள் ஆபத்துக் குறைந்த அடுத்த வழியைத் தேடும். விதியை வகுப்போர் விரும்பும் வழியாக அது இருக்க வேண்டும் என்பதில்லை.

ஒரு வேறுபாடும் உண்டு. ரக்பியில் சோதனை மாணவர்களிடம் தொடங்கி, மேல்நிலைப் போட்டிகளுக்குச் சென்றது. கபடியில் அண்மைக்கால மாற்றங்கள் தொலைக்காட்சி லீக்கில் பழக்கமாகி, பின்னரே மாணவர்களிடம் இறங்கி வருகின்றன. இடைப்பட்ட காலத்தில் எந்த விதி செல்லும் என்ற குழப்பம் எழுகிறது.

ஹாங்சோ: இரண்டு விதிகள் மோதிய இறுதியாட்டம்

இந்தக் குழப்பம் எவ்வளவு பெரிதாகலாம் என்பதை 2023 அக்டோபர் 7 அன்று சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு ஆடவர் இறுதியாட்டம் காட்டியது. இந்தியாவும் ஈரானும் 28–28 என்று சமமாக இருந்தன. ஆட்டம் முடியச் சற்றேறக்குறைய ஒரு நிமிடமே மீதம். மூன்றாவது கட்டாய ரைடுக்குச் சென்ற பவன் செராவத், எவரையும் தொடாமல் லாபிக்குள் கால் வைத்தார். அவரைத் தொடர்ந்து ஈரான் தடுப்பாட்டக்காரர்களும் லாபிக்குள் நுழைந்தனர்.

தொடுதல் நிகழாத நிலையில் லாபி களத்துக்கு வெளியேயுள்ள பகுதி. பழைய விதிப்படி அதற்குள் நுழைந்த தடுப்பாட்டக்காரர்களும் வெளியேற வேண்டும். புரோ கபடியில் பழகிய புதிய விதிப்படி ரைடர் லாபியில் கால் வைத்தவுடன் ரைடு முடிந்துவிடுகிறது, அவர் மட்டுமே வெளியேறுவார். எந்த விதி என்பதில் நடுவர்களின் தீர்ப்பு மாறி மாறி வந்தது. இரு அணியினரும் எதிர்ப்புத் தெரிவிக்க, ஆட்டம் சுமார் ஒரு மணி நேரம் நின்றது. முடிவில் இந்தியாவுக்கு 3 புள்ளிகளும் ஈரானுக்கு 1 புள்ளியும் தரப்பட்டன. இந்தியா 33–29 என்று வென்றது.

தங்கப் பதக்கத்தையே தீர்மானிக்கும் நேரத்தில் ஆட்டக்காரர்களும் நடுவர்களும் ஒரே விதியை மனத்தில் கொண்டிருக்கவில்லை. உலகின் முதன்மை அணிகளுக்கே இந்த நிலை என்றால், தொலைக்காட்சியில் ஒரு விதியைப் பார்த்து, ஊர்த் திடலில் இன்னொன்றை ஆடி, பல்கலைக்கழகப் போட்டியில் மூன்றாவதைச் சந்திக்கும் மாணவரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

மண்ணும் மேட்டும்

விதிநூலில் சிறு வரியாக இருந்து, ஆட்டத்தைப் பெரிதும் மாற்றியது தரை மாற்றம். தேசிய, சர்வதேசப் போட்டிகள் மண் தரையிலிருந்து செயற்கை மேட்டுக்கு மாறின. மண்ணில் வெறுங்காலுடன் ஆடுபவர் வழுக்கி நழுவவும், விழுந்து புரண்டு நடுக்கோட்டைத் தொடவும் பழகியிருப்பார். மேட்டில் காலணி தரையைப் பற்றிக்கொள்ளும். திடீரெனத் திரும்புவதும் எகிறுவதும் எளிது. ஆனால் கால் நிலைத்து நிற்க உடல் மட்டும் திரும்பினால் முழங்காலுக்குச் சுமை கூடும். மண்ணில் உடல் எடையால் அழுத்திப் பிடிக்கும் பிடி, மேட்டில் வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டிய பிடியாகிறது. ஆண்கள் பிரிவில் 85 கிலோ என்ற எடை வரம்பும் சேர்ந்து, பருத்த உடலைவிட விரைந்த உடலுக்கு முதன்மை தந்தது.

கொங்குப் பகுதியின் செம்மண்ணிலும் கரிசலிலும் ஆடி வளர்ந்த மாணவருக்கு இதுவே கடினமான மாற்றம். மற்ற விதிகளைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். மேட்டை மட்டும் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, அதன்மேல் ஆடியே பழக வேண்டும். மேட்டும் உள்ளரங்கமும் உள்ள நகரக் கல்லூரிக்கும், மழை பெய்தால் பயிற்சியே நின்றுவிடும் ஊர்க் கல்லூரிக்கும் இடையிலான தூரத்தை இந்த ஒரு மாற்றம் அதிகமாக்கியது. தூத்துக்குடி மாவட்டத்தின் ஊர்த் திடலிலிருந்து புறப்பட்டு, 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்று, அர்ச்சுனா விருதும் பெற்ற மணத்தி கணேசன் போன்றவர்கள் வந்த பாதை, இன்று மேட்டு வசதியின்றித் தொடங்கும் மாணவருக்கு மேலும் நீளமாகியுள்ளது.

மதிப்பீடு

மேற்கண்டவற்றிலிருந்து சில பொதுக் கருத்துகளைத் தொகுக்கலாம்.

• புள்ளி தரும் விதி மாறினால் அணியின் ஆள் தேர்வு மாறும். போனஸ் ஆட்டக்காரர், மூன்றாம் ரைடர் போன்றோர் விதி உருவாக்கிய பணியிடங்கள்.
• நேரத்தைக் கட்டுப்படுத்தும் விதி, முன்னிலையில் உள்ள அணியின் ஆட்டத்தையே முதலில் மாற்றும்.
• பலவீனமான அணிக்கு உதவ வந்த விதி, அந்தப் பலவீனத்தை விரும்பி ஏற்கும் உத்தியையும் உருவாக்கலாம்.
• விதி மாறிய முதல் பருவத்தில், திறமையில் சற்றுக் குறைந்தாலும் விதிநூலை முதலில் படித்த அணிக்கு முந்தும் வாய்ப்புண்டு.

இவற்றுள் கடைசிக் கருத்து மாணவர் வாழ்க்கையோடு நேரடித் தொடர்புடையது. ஒரு மாணவர் பல்கலைக்கழகத்துக்காக ஆடுவது அதிகம் போனால் சில பருவங்களே. அந்தச் சில ஆட்டங்களில் பெறும் சான்றிதழ், விளையாட்டு ஒதுக்கீட்டில் மேற்படிப்புக்கும் வேலைக்கும் உதவுகிறது. லாபியில் ஒரு காலடி, மூன்றாவது ரைடில் ஒரு தவறான கணக்கு ஆகியவற்றால் அது கைநழுவினால் அடுத்த ஆண்டு வாய்ப்பு வரும் என்பதற்கு உறுதியில்லை. எனவே விதி மாற்றம் பருவத் தொடக்கத்திலேயே அறிவிக்கப்படுவதும், தமிழில் எளிய விளக்கத்துடன் கல்லூரிகளுக்கும் ஊர்ப் போட்டி நடத்துவோருக்கும் சென்று சேர்வதும், நடுவர்கள் ஒரே பயிற்சி பெறுவதும் அடிப்படைத் தேவைகள். ஸ்டெல்லன்போஸில் செய்ததுபோல், புதிய விதியைக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளில் முன்னறிவிப்புடன் சோதித்து, ஆட்டக்காரர்களின் கருத்தைக் கேட்டபின் நடைமுறைப்படுத்துவதும் எண்ணத்தக்கது. கல்லூரிகளும் ஊர்ப் போட்டிகளும் நிறைந்த கொங்குப் பகுதி அதற்கு ஏற்ற களமாக அமையும்.